வெறுந்தேத்தண்ணிகூடத் தராத வீடு

போன வருடம் மாசி மாதம், பனி இன்னும் முற்றாக விட்டுப்போகாத ஒரு விடியற்காலை. தொண்டைமானாற்றிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு முதல் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். இருதயக் கிளினிக்குக்காக ஆஸ்பத்திரியில் சோதனைக்கு இரத்தம் கொடுக்க வேண்டும். ஏரிக்கரையை ஒட்டி பஸ் திரும்பியபோது யன்னலால் பார்த்தேன். தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறம். நடுவில் கோடே இல்லை. ஒரு வள்ளம் தண்ணீரில் நிற்கிறதா வானத்தில் நிற்கிறதா என்று தெரியாமல் நின்றது. நான் வாயின் ஓரத்தில் ஒரு துண்டு பனங்கட்டியை ஒதுக்கி வைத்துக்கொண்டு, அது கரையக் கரைய, அந்த வள்ளத்தைப் பார்த்தபடி போனேன். உலகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லைப்போல இருந்தது.

அந்தப் பனங்கட்டியில்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

நான் ஒரு காலத்தில் கடலுக்குப் போனவன். சில வருடங்களுக்கு முன்னர் நெஞ்சுவலி வந்து, அடைபட்ட இரத்தக்குழாய்க்குள் சின்னதாக ஒரு கம்பிவலை வைத்தார்கள். அத்தோடு கடலை விட்டாயிற்று. இப்போது எங்கள் ஊர்ச் சந்நிதி கோயிலடியில் ஒரு கடை வைத்திருக்கிறேன். கற்பூரம், வெற்றிலை, தேங்காய், ஓலைக் குட்டானுக்குள் வார்த்த பனங்கட்டி. வாழ்நாள் முழுக்க நான் மீனுக்கு வலை போட்டேன், கடைசியில் டொக்டர்மார் என் நெஞ்சுக்குள்ளேயே வலை போட்டுவிட்டார்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். பள்ளிக்கூடம் அதிகம் போனவனல்ல. சனங்கள் கதைப்பதைக் கேட்டுக் கேட்டுத்தான் கொஞ்சம் படித்தேன். அதனால் ஒரு சொல் கிடைத்தால் அதை வாயில் போட்டு உருட்டிக்கொண்டே இருப்பேன், பனங்கட்டிபோல.

மருந்தை ஒழுங்காகப் போட்டேன். சுருட்டை விட்டேன். தேநீருக்குச் சீனி போடுவதையும் விட்டேன். ஒவ்வொரு கிளினிக்கிலும் டொக்டர் இரண்டு செய்தி சொல்வார். என் மகளின் வயதுதான் இருக்கும் அந்தப் பிள்ளைக்கு. கெட்ட கொலஸ்ட்ரோல் நன்றாக இறங்கியிருக்கிறது என்பது முதல் செய்தி. ட்ரைகிளிசரைட் ஏறியே இருக்கிறது என்பது மற்றது. இரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பாம் அது. அந்தப் பெயர் என் மனைவியின் வாயில் நுழையவில்லை. நடுவில் இருந்த கிளியை மட்டும் பிடித்துக்கொண்டாள். நான் வந்து செருப்பைக் கழற்ற முதலே கேட்பாள்.

"இஞ்சாருங்கோ, கிளி இறங்கிச்சோ?"

"இல்லை. அது கொப்பிலைதான் இருக்குது."

"கத்துதோ?"

"கத்தேல்லை. சும்மா இருக்குது."

கத்தாத கிளிக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று இரண்டு பேரும் இருந்துவிட்டோம்.

கிளி ஏறியதற்கு என்னிடம் ஒரு காரணமும் தயாராக இருந்தது. வெறுந்தேத்தண்ணி. எங்கள் பக்கத்தில் பால் விடாத தேநீருக்கு அதுதான் பெயர். அதற்குள் சீனி இருக்கலாம், இஞ்சி இருக்கலாம், பக்கத்தில் கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டி இருக்கலாம். ஆனால் பெயரிலேயே 'வெறும்' என்று இருப்பதால் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், ஒன்றும் சாப்பிடவில்லை, வெறுந்தேத்தண்ணிதான் என்போம். வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுக்க வா என்று டொக்டர் சொன்னால், வெறுந்தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவோம். இரண்டும் வெறும்தானே.

வீட்டிலிருந்து ஒருவன் பயணம் போகும்போது நாக்கு நனையாமல் அனுப்புவதற்கு என் மனைவிக்கு மனம் வராது. நான் வேண்டாம் என்றால் முகம் வாடிப்போகும். அதனால் குடிப்பேன். பிறகு டொக்டர் அளவைப் பார்த்து, வெறும் வயிற்றோடுதான் வந்தீர்களா என்று கேட்கும்போது, தேத்தண்ணி ஒன்று குடித்துவிட்டேன் என்று தலையைச் சொறிவேன். அப்படியானால் இந்த அளவை நம்ப முடியாது, அடுத்த முறை ஒன்றும் குடியாமல் வாருங்கள் என்பார். அடுத்த முறையும் அதே தேத்தண்ணி, அதே தலைச்சொறிதல். மனதின் அடியில் ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. பழி தேத்தண்ணியில் இருக்கும்வரை என் இரத்தத்தில் பழி இல்லை.

அந்த மாசிக்கு முந்திய கிளினிக்கில்தான் அந்தப் பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது.

"ஐயா, உங்கடை உண்மையான அளவு என்னெண்டு எனக்கு இன்னும் தெரியாது. தெரியாமல் நான் மருந்தைக் கூட்டவும் ஏலாது, விடவும் ஏலாது. உங்கடை நெஞ்சு ஒருக்கா அடைபட்ட நெஞ்சு. இன்னொருக்கா அடைபட விடக்கூடாது எண்டுதான் நான் இஞ்சை இருக்கிறன். நீங்கள் அதுக்கு உதவி செய்ய மாட்டியளோ?"

உதவி என்று அது கேட்டது என் மனதில் தைத்தது. தைத்தும் என்ன, அந்த மாசி விடியலில் மனைவி கோப்பையோடு வந்து நின்றபோது கை தானாக நீண்டது. போதாக்குறைக்குக் கடைக் குட்டானில் உடைத்த பனங்கட்டியில் இன்னும் இரண்டு துண்டைக் கடதாசியில் சுற்றி, பஸ்ஸில் ஒன்று, பிறகு ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்று சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே நீள வாங்கில் நிறையப் பேர் இருந்தோம். எனக்கு ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் என்னைவிடக் கொஞ்சம் வயது கூடிய ஒரு மனிதர், வெள்ளைச் சேட்டு, சாரம், தோளில் துவாய். கழுத்தில் சின்னச் சிலுவை. கையைப் பார்த்தவுடனேயே கடல்காரர் என்று தெரிந்தது. கயிறு அறுத்த தழும்பு எங்களுக்கு அடையாள அட்டை மாதிரி. அவர் என் கையைப் பார்த்தார். நான் அவர் கையைப் பார்த்தேன். தலையை ஆட்டிக்கொண்டோம்.

தாதிப் பிள்ளை ஒன்று வெளியே வந்து வாங்கின் அந்த நுனியில் இருந்த அம்மாவிடம் கேட்டது.

"அம்மா, விடிய ஒண்டும் சாப்பிடேல்லைத்தானே?"

"சீச்சீ, ஒண்டுமில்லைப் பிள்ளை. வெறுந்தேத்தண்ணிதான்."

"சீனி போட்டதோ?"

"சீனியோ? எனக்குச் சீனி வருத்தமெல்லே. சீனி தொடுறதில்லை." கொஞ்சம் நிறுத்தி அந்த அம்மா சொன்னார். "பனங்கட்டி கடிச்சனான்."

வாங்கு முழுக்கச் சிரித்தது. தாதிப் பிள்ளை சிரிக்கவில்லை. எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தது. "வெறுந்தேத்தண்ணி குடிச்ச ஆக்கள் எல்லாரும் ஒருக்கா எழும்புங்கோ."

சிரிப்பு நின்றது. முதலில் ஒருவர், பிறகு இன்னொருவர், பிறகு அந்த அம்மாவின் பக்கத்தில் இருந்த புருசன் என்று கிட்டத்தட்டப் பாதி வாங்கு எழும்பி நின்றது. கோயிலில் தீபம் காட்டும்போது எழும்புவதுபோல ஒருவரைப் பார்த்து ஒருவராக எழும்பினார்கள். நாளைக்கு வாருங்கள், தண்ணீரைத் தவிர வேறு ஒன்றும் வாயில் படக்கூடாது என்று சொல்லி அவர்களை அனுப்பியது அந்தப் பிள்ளை.

நான் எழும்பவில்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்றைக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் போவோம் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"தம்பி, அசையாதேங்கோ," என்றார் பக்கத்தில் இருந்தவர். என் கழுத்துப் பட்டியிலிருந்து எதையோ விரலால் தட்டினார். பிறகு தோளில். பிறகு நெஞ்சில். "பொக்கற்றுக்கை என்ன வைச்சிருக்கிறியள்?"

"ஒண்டுமில்லை அண்ணை."

"ஒண்டுமில்லாததுக்கோ இவ்வளவு சனம் வருது?"

குனிந்து பார்த்தேன். சுவரிலிருந்து என் தோளுக்கு, தோளிலிருந்து பொக்கற்றுக்கு, ஒரு சீரான வரிசை. சந்நிதித் திருவிழாவுக்குப் போகும் சனம்போல எறும்புகள் ஆறுதலாகப் போய்க்கொண்டிருந்தன. பனங்கட்டி இளகிக் கடதாசியைத் தாண்டி சேட்டில் பொட்டு வைத்திருந்தது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவராலும் முடியவில்லை. இரண்டு பேரும் சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தோம். சிரித்து முடித்தபோது நான் எழும்பி நின்றுகொண்டிருந்தேன்.

அவர் தன் முறைக்கு உள்ளே போய் இரத்தம் கொடுத்துவிட்டு, கை மடிப்பில் பஞ்சை அழுத்தியபடி வந்தார். நான் இன்னும் வாசலில் நின்றேன். எங்கே போவது என்று தெரியவில்லை. எவடம் என்று கேட்டார். தொண்டைமானாறு என்றேன். அவர் குருநகர். வீட்டைப் போனால் நாளைக்கும் இதே கதைதான் அண்ணை, மனுசி தேத்தண்ணி தராமல் விடமாட்டாள், நானும் குடிக்காமல் விடமாட்டேன் என்று உள்ளதைச் சொன்னேன்.

அவர் பஞ்சை எடுத்து வாளிக்குள் போட்டார்.

"அப்ப எங்கடை வீட்டை வாங்கோ. இண்டைக்கு நில்லுங்கோ. விடிய நாங்கள் ஒண்டும் தரமாட்டம்."

இப்படி ஒரு அழைப்பை நான் அதற்கு முதல் கேட்டதில்லை. பகிடிக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். நானும் பின்னால் நடந்தேன். ஏன் நடந்தேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"ஆரெண்டு தெரியாத வீட்டிலையோ நிக்கப்போறியள்?" என்றாள். பிறகு, "மருந்து கொண்டு போனனீங்களோ?"

கிளினிக் அலுவலாக எங்கே போனாலும் மருந்துப் பை என் கையில்தான் இருக்கும். இருக்கு என்றேன்.

"விடிய அவையள் தேத்தண்ணி தருவினமோ?"

"தரமாட்டினமாம். அதுக்குத்தான் போறன்."

ஊருக்குள் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லக்கூடிய ஆகக் கெட்ட குறை, போனதுக்கு ஒரு வெறுந்தேத்தண்ணிகூடத் தரவில்லை என்பதுதான். அப்படியான வீட்டைத் தேடி அவளுடைய புருசன் போகிறான்.

குருநகரில் சின்ன வீடு அது. சுவரில் மாதா படம், அதற்குக் கீழே ஒரு சின்ன மின்விளக்கு. நான் நெற்றியில் திருநீற்றோடு கும்பிட்டுவிட்டுக் கதிரையில் இருந்தேன். அண்ணையின் மனைவி என்னை இன்னாரென்று கேட்க முதலே தண்ணீர் கொண்டுவந்து தந்தார். விஷயத்தைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தவக்காலம் என்பதால் அவர் ஒருசந்தி இருந்தார், ஒரு நேரம் மட்டும் சாப்பாடு. "நான் ஆண்டவருக்காக இருக்கிறன், நீங்கள் டொக்டருக்காக இருங்கோ அண்ணை," என்றார்.

பின்னேரம் அண்ணை என்னை இறங்குதுறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். மெதுவாக நடந்தார். சின்னத் தூரத்துக்கு ஒருமுறை, எதையோ பார்ப்பதுபோல நின்று மூச்சு வாங்கினார். வெயில் தணிந்து தீவுப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. கடல் அசையவே இல்லை. எண்ணெய் பூசின தட்டுப்போல. வள்ளங்கள் தங்கள் நிழலின் மேல் ஏறி நித்திரை கொண்டன. எங்கேயோ ஒரு வானொலி, எங்கேயோ சிறுபிள்ளைகளின் சத்தம், எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வந்தன. கரையில் கவிழ்த்துப்போட்ட ஒரு வள்ளத்தின் மேல் இருந்தோம்.

நான் என் கிளிக் கதையைச் சொல்லி முடித்தபிறகு அவர் தன் கதையைச் சொன்னார். நீங்கள் என்று கதைத்துக்கொண்டு வந்தவர் அந்த இடத்தில் நீர் என்று மாறினார். எங்கள் பேச்சில் அது மரியாதை குறைவதல்ல, பக்கத்தில் வருவது.

"முதல் தரம் நெஞ்சுவலி வந்து சுகமானாப் பிறகு எனக்கு ஒரு குறையும் இல்லை. வலையும் இழுத்தன், பெருநாளும் கொண்டாடினன். டொக்டர் உமக்குச் சொன்ன மாதிரித்தான் எனக்கும் இரண்டு கதை சொல்லுவார். நல்ல கதையை வீட்டை கொண்டு வருவன். மற்றதை ஆஸ்பத்திரி வாசல்லை விட்டிட்டு வருவன். கேட்டால் ஒரு சாட்டு இருக்கும். கலியாண வீடு, ஞானஸ்நானம், நத்தார்ப் பெருநாள். பின்னேரத்திலை கள்ளு, வள்ளத்திலை சீனித் தேத்தண்ணி, வீட்டை வந்தால் சோறு மலைபோலை."

"ஒண்டும் செய்யேல்லையோ அது?"

"எத்தினையோ வருசம் ஒண்டும் செய்யேல்லை. அதுதானே அதின்ரை கெட்டித்தனம். இந்தக் கடலைப் பாரும், சும்மா கிடக்கெண்டு நினைப்பீர். அது மூச்சு விட்டுக்கொண்டுதான் கிடக்குது."

இரண்டாம் தரம் வந்தது இப்படி ஒரு அசையாத நாளில்தானாம். வலையை இழுத்துக்கொண்டு நின்றபோது கை இரண்டும் தன்னுடையவை இல்லைப்போலப் பாரித்தன. கூடப் போனவர் வலையை அப்படியே வெட்டி விட்டுவிட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார். உயிர் தப்பியது. ஆனால் நெஞ்சு முந்திமாதிரி அடிக்கிற பலத்தை இழந்துவிட்டது. இனிக் கடல் இல்லை. இந்தக் கிளி ஒன்றுதான் காரணம் என்று டொக்டரும் சொல்லவில்லையாம். சிகரெட் இருந்தது, வயது இருந்தது. ஆனால் கையால் தொட்டு மாற்றக்கூடியதாக இருந்தவற்றில் இதுவும் ஒன்று, நான்தான் தொடவில்லை என்றார். குரலில் அழுகை ஒன்றும் இல்லை. காற்று எந்தப் பக்கம் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

பிறகு நாங்கள் இருந்த வள்ளத்தின் அடிப்பலகையைத் தட்டினார். காய்ந்த பாசியும் சின்னச் சிப்பிகளும் அதில் அப்பியிருந்தன.

"ஓடேக்கை இது தெரியுமோ? வள்ளம் நல்லாத்தான் ஓடும். கரையிலை இழுத்துக் கவிட்டுப் பாத்தால்தான் அடியிலை என்ன பிடிச்சிருக்கெண்டு தெரியும். வெறும் வயித்திலை இரத்தம் குடுக்கிறது அதுதான். நீர் ஒவ்வொருக்காவும் தண்ணியிலை நிக்கிற வள்ளத்தைக் காட்டிப்போட்டு வாறீர்."

விரலால் ஒரு சிப்பியைச் சுரண்டிப் பார்த்தேன். வரவில்லை. எவ்வளவு சின்னது, எவ்வளவு இறுக்கம். எனக்குள்ளே ஓடும் ஏதோ ஒரு சின்ன வாய்க்காலின் ஓரத்தில், சத்தமே போடாமல், இப்படி ஒன்று இந்த நிமிடம் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று நினைத்தேன். சூரியன் தண்ணீரைத் தொட்டபோது மாதா கோயில் மணி அடித்தது. அண்ணை சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. பெரிய பயம் இல்லை. உள்ளதை அறிந்துகொள்ளக் கேட்கும் அளவுக்கு ஒரு பயம்.

பொழுதுபடவே சாப்பாடு தந்தார்கள். அளவான குரக்கன் பிட்டு, சூடை மீன் குழம்பு. மருந்தைப் போட்டுவிட்டுப் படுத்தேன்.

விடிந்தபோது என்னை எழுப்பியது அமைதி. எங்கள் வீடுகளில் விடியலுக்கு ஒரு சத்தம் உண்டு. கேத்தில் மூடி தாளம் போடுவது, கோப்பைக்குள் கரண்டி சுற்றுவது. பிறகு தேயிலை வாசம் வந்து படுக்கையில் இருக்கிறவனின் மூக்கைப் பிடித்து எழுப்பும். அன்று அது ஒன்றும் இல்லை. யன்னலுக்கு வெளியே வெள்ளைப் பனி. அதற்குள் யாரோ முற்றம் கூட்டும் ஈர்க்குச் சத்தம் மட்டும். கனவு இன்னும் முடியவில்லையோ என்று கொஞ்ச நேரம் கிடந்தேன்.

எழும்பிப் போய்ப் பார்த்தேன். குசினியில் அடுப்பு மூட்டவில்லை. கேத்திலைக் காணவில்லை. அண்ணை வாசற்படியில் துவாயைப் போர்த்திக்கொண்டு சும்மா இருந்தார். அவர் முதல்நாளே இரத்தம் கொடுத்துவிட்டவர். அவருக்கு ஒரு விரதமும் இல்லை.

"நீங்கள் குடிக்கலாம்தானே அண்ணை?"

"ஏன், எனக்கென்ன அவசரம்?"

அண்ணையின் மனைவி ஈர்க்குமாற்றைச் சாத்திவிட்டு வந்தார். "வாசம் வந்தால் உங்களுக்கு ஆசை வரும் அண்ணை. அதுதான் கேத்திலையும் எடுத்து உள்ளை வைச்சிட்டன். நீங்கள் குடுத்திட்டு வாங்கோ. எல்லாரும் சேந்து குடிப்பம்."

அந்த நேரம் பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவருக்கு என்னைக் கண்டதும் புதினம்.

"என்னடி, வீட்டிலை ஆக்கள் வந்து நிக்கினம், இன்னும் புகையைக் காணேல்லை? அந்த மனுசனுக்கு ஒரு வெறுந்தேத்தண்ணிகூடக் குடுக்கேல்லையோ?"

"இல்லை அன்ரி, குடுக்கேல்லை."

"குடுக்கேல்லை எண்டு சொல்லுறதைப் பார். வெக்கமில்லையோ உனக்கு?"

"இல்லை அன்ரி. இண்டைக்கு இல்லை."

அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு போனார். பொழுது ஏறமுதல் அந்த ஒழுங்கை முழுக்கக் கதை பரவியிருக்கும், இன்ன வீட்டில் விருந்தாளியைப் பட்டினி போட்டார்கள் என்று. எங்கள் மண்ணில் ஒரு பெண்ணுக்கு அது சின்னப் பேச்சு இல்லை. முதல்நாள் காலைவரை முகம் தெரியாத ஒருவனுக்காக அவர் அந்தப் பேச்சை வாங்கிக்கொண்டு, ஒரு செம்புத் தண்ணீரை என் கையில் தந்துவிட்டு நின்றார். தண்ணீரைக் குடித்தேன். செம்பை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேருமாக ஓட்டோவில் போனோம். அதே தாதிப் பிள்ளை. என்னை அடையாளம் பிடித்துவிட்டது.

"வெறும் வயிறோ ஐயா?"

"ஓம் பிள்ளை, வெறும் வயிறு."

"பொக்கற்?"

"அதுவும் வெறும்."

அன்றுதான் 'வெறும்' என்ற அந்தச் சொல்லை முழு அர்த்தத்தோடு சொன்னேன் என்று நினைக்கிறேன். ஊசி ஏறும்போது கண்ணை மூடினேன். கரையில் கவிழ்த்த வள்ளம்தான் கண்ணுக்குள் வந்தது.

திரும்பி வந்தபோது கேத்தில் வெளியே வந்திருந்தது. குசினி முழுக்கப் புகை. மூன்று பேரும் வாசற்படியில் இருந்து வெறுந்தேத்தண்ணி குடித்தோம். சீனி இல்லை, பனங்கட்டியும் இல்லை. முதல் மிடறு கசந்தது. இரண்டாவது மிடறில், இவ்வளவு காலமும் இனிப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்த தேயிலை மெதுவாக எட்டிப் பார்த்தது. வேண்டுமென்றே சத்தமாக உறிஞ்சினார் அண்ணையின் மனைவி, வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று.

கிளினிக் நாளில் டொக்டர் அளவைப் பார்த்தார். கிளி இறங்கவில்லை. தேத்தண்ணி இல்லை, பனங்கட்டி இல்லை, அது அதே கொப்பில் இருந்தது. எனக்குச் சொல்ல ஒரு சாட்டும் இல்லாமல் போன முதல் நாள் அது.

டொக்டர் கோபிக்கவில்லை. இனித்தான் எங்களுக்குப் பாதை தெரியுது ஐயா என்றார். எனக்கு விளங்கும்படி சொன்னார். நீங்கள் போடும் மருந்து கெட்ட கொலஸ்ட்ரோலைப் பிடித்து வைத்திருக்கிறது, அது நல்ல விசயம், அதை விடவேண்டாம். ஆனால் ஒருமுறை நோய் வந்த நெஞ்சுக்கு இந்த மற்றக் கொழுப்பும் உயர்ந்தே இருந்தால், இன்றைக்கோ நாளைக்கோ அல்ல, போகப் போக, வருடங்கள் போக, ஆபத்துக் கூடும். எண்ணெயை மட்டும் குறைத்தால் இது இறங்காது. இனிப்பு, வெள்ளைச் சோறு, மா, மது எல்லாம் உடம்புக்குள் போய் இதுவாக மாறும். பனங்கட்டியும் இனிப்புத்தான் ஐயா, பனை எங்கடை எண்டதாலை ஈரல் சலுகை தராது என்றார். அந்தப் பிள்ளைக்கு இவ்வளவு பகிடி வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நீரிழிவு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னார், மருந்திலும் ஒரு மாற்றம் செய்தார், நடக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வழக்கம்போல வாசலில் நின்றாள்.

"கிளி இறங்கிச்சோ?"

"இல்லை. இனி இறக்குவம்."

குருநகர் வீட்டுக் கதை முழுவதையும் சொன்னேன். அடுப்பு மூட்டாத குசினி வந்த இடத்தில் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அடுத்த நாள் காலை எனக்கு வந்த கோப்பையோடு பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டியும் வரவில்லை. நானும் கேட்கவில்லை. கடையில் குட்டான் பனங்கட்டி இப்போதும் தொங்குகிறது, வாங்குகிறவர்களுக்குக் கொடுக்கிறேன். அதன் வாசம் வரும்போது முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொள்வேன். கிளியும் ஒரே நாளில் இறங்கவில்லை. கொப்புக்குக் கொப்பு, ஆறுதலாக, சில கிளினிக்குகள் எடுத்துக்கொண்டு இறங்கியது. இன்னும் தரைக்கு வரவில்லை. ஆனால் பார்வைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது.

இரத்தம் கொடுக்கும் நாளுக்கு முதல்நாள் பின்னேரம் இப்போதும் குருநகருக்குப் போய்விடுவேன். மனைவி இரண்டு குரக்கன் மாப் பொட்டலமும் கீரையும் கட்டித் தருவாள், சிலவேளை தானும் வருவாள். அண்ணை இன்னும் மெதுவாகத்தான் நடக்கிறார். இப்போது அவர் நிற்கும் இடங்களில் நானும் எதையோ பார்ப்பதுபோல நிற்பேன். வேலிக்கு அந்தப் பக்கத்து அம்மா விசயம் தெரிந்தபிறகு, நான் வந்து நிற்கிற காலையில் தன் வீட்டு அடுப்பையும் பிந்தித்தான் மூட்டுகிறாராம்.

கடையில் இருக்கும்போது யாராவது, அந்த வீட்டுக்குப் போனதுக்கு ஒரு வெறுந்தேத்தண்ணிகூடத் தரவில்லை என்று குறை சொன்னால், எனக்கு அந்தப் பனி மூடிய முற்றமும் புகை எழும்பாத குசினியும் கண்ணுக்குள் வரும்; அன்று அவர்கள் தராமல் விட்ட அந்த ஒரு கோப்பையிலிருந்துதான் என் மிச்சக் காலத்தை மிடறு மிடறாகக் குடித்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குள்ளே சொல்லிக்கொள்வேன்.